எடை தூக்குவதும் நிலையாக நிற்பதும்: பார்க்கின்சன் நோயில் வலுப்பயிற்சி

கைகளை மார்பின் மேல் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொன்னால், இதென்ன பெரிய காரியம் என்றுதான் தோன்றும். பார்க்கின்சன் நோய் உள்ளவர்களிடம் இயன்முறை மருத்துவர்கள் வழக்கமாகச் செய்து பார்க்கும் சோதனைகளில் இதுவும் ஒன்று. ஐந்து முறைக்கும் சேர்த்து 16 வினாடிக்கு மேல் எடுத்துக்கொள்பவர்களுக்குக் கீழே விழும் ஆபத்து கூடுதல் என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். எழுவதற்குத் தொடையில் வலு வேண்டும். அந்த வலு சட்டென்று திரண்டு வர வேண்டும். உடல் முன்னே சாய்ந்து, பாரம் முழுவதும் பாதங்களுக்கு மேல் வந்து, அங்கே தடுமாறாமல் நிற்கவும் வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் ஆள் மறுபடி நாற்காலியில் தொப்பென்று விழுவார். வலுவும் சமநிலையும் கைகோக்கும் இடத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் செயல் எனக்குத் தெரிந்து வேறில்லை.

ஆனாலும் இந்த நோயைப் பற்றிப் பேச்சு எழுந்தால் கை நடுக்கம்தான் முன்னால் வந்து நிற்கிறது. தசை வலுவை யாரும் விசாரிப்பதில்லை. ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1817இல் இந்த நோயை முதன்முதலாக விரிவாக எழுதியபோது, நோய்க்குத் தந்த வரையறையின் தொடக்கத்திலேயே நடுக்கத்துக்கு அடுத்தபடியாகத் தசை வலுக் குறைவைச் சேர்த்திருந்தார். உடல் முன்னோக்கிக் குனிவதும், நடை தன்னையறியாமல் ஓட்டமாக மாறுவதும் அதற்கு அடுத்துத்தான் வருகின்றன. அதே நூற்றாண்டில் பிரான்சின் புகழ்பெற்ற நரம்பியல் மருத்துவர் ஷார்கோ இதை மறுத்தார்: இவர்களுக்குத் தசை வலு பெரிதாகக் குறைவதில்லை என்பது அவர் கட்சி. இருவரும் ஒரே நோயைத்தான் பார்த்தார்கள், இருவர் பார்த்ததிலும் உண்மை இருந்தது. போதிய நேரம் கொடுத்தால் நோயாளியால் ஓரளவு நல்ல விசையைக் காட்ட முடியும். ஆனால் அந்த விசை வந்து சேரத் தாமதமாகிறது. கால் இடறும்போது உடலைக் காப்பாற்றக் கிடைப்பது ஒரு வினாடிக்கும் குறைவான நேரம். அதற்குள் வராத வலு, இல்லாத வலுவுக்குச் சமம்.

ஏன் தாமதமாகிறது? மூளையின் நடுப்பகுதியில் கருநிறத் திட்டாகத் தெரியும் ஓரிடத்தில் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்புச் செல்கள் உள்ளன. பார்க்கின்சன் நோயில் இவை படிப்படியாக அழிகின்றன. டோபமின் குறையும்போது, அசைவுகளின் அளவையும் வேகத்தையும் தீர்மானிக்கும் மூளைப் பகுதிகளிலிருந்து தசைகளுக்குப் போகும் கட்டளை பலவீனமாகவும் விட்டுவிட்டும் போகிறது. பத்துப் பேர் ஒரே மூச்சில் தள்ள வேண்டிய வண்டியை ஆளுக்கொரு நேரத்தில் தள்ளினால் எப்படியிருக்கும்? தசை இழைகளின் நிலை அதுதான். நோயின் தொடக்கத்தில் தசை நன்றாகவே இருக்கிறது. அதற்கு வரும் உத்தரவில்தான் கோளாறு.

இரண்டாவது காரணம் பின்னாலேயே வந்து சேர்கிறது. அசைவு கடினமாவதால் மனிதர் குறைவாக அசைகிறார். விழுந்துவிடுவோமோ என்ற பயத்தால் இன்னும் குறைத்துக்கொள்கிறார். வீட்டில் உள்ளவர்களும் அன்பின் மிகுதியால், "நீங்கள் உட்காருங்கள், நாங்கள் எடுத்துத் தருகிறோம்" என்கிறார்கள். பயன்படுத்தாத தசை மெலிகிறது. வயதானாலே தசை கரையும், அதோடு இதுவும் சேர்ந்துகொள்கிறது. முதல் காரணத்துக்கு மாத்திரை ஓரளவு உதவும். இந்த இரண்டாவதைச் சரிசெய்யும் மாத்திரை எதுவும் இல்லை.

சமநிலையிலும் மாத்திரையின் கை அவ்வளவு ஓங்குவதில்லை. லெவோடோபா என்ற மருந்து உடலுக்குள் டோபமினாக மாறி, மந்தமான அசைவையும் விறைப்பையும் நன்றாகத் தணிக்கிறது. நிற்கும்போதும் திரும்பும்போதும் வரும் தள்ளாட்டம் அதே அளவுக்குத் தணிவதில்லை. பார்க்கின்சன் நோயாளிகளில் சுமார் 60 சதவீதம் பேர் ஒரு முறையாவது விழுகிறார்கள், பலர் திரும்பத் திரும்ப விழுகிறார்கள் என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். இடுப்பெலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. உடற்பயிற்சியை ஓர் உபரியாக எண்ணாமல் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே நரம்பியல் மருத்துவர்கள் இன்று சேர்த்துக்கொள்வது இதனால்தான்.

எதிர்விசைப் பயிற்சி என்பது என்ன?

தசை ஏதாவது ஒரு தடையை எதிர்த்து வேலை செய்தால் அது எதிர்விசைப் பயிற்சி. டம்பல் தூக்குவது, ரப்பர் பட்டையை இழுப்பது, ஜிம்மில் உள்ள எந்திரத்தில் காலால் தள்ளுவது எல்லாம் இதில் அடக்கம். சொந்த உடலின் எடையே நல்ல தடைதான்: நாற்காலியிலிருந்து எழுவது, படி ஏறுவது, சுவரில் கையூன்றித் தள்ளுவது. கருவி இல்லாததால் பயிற்சியைத் தள்ளிப்போடத் தேவையில்லை.

முதல் சில வாரங்களில் கிடைக்கும் முன்னேற்றம் தசை பருப்பதால் வருவதில்லை. மூளையும் நரம்பும் ஏற்கெனவே உள்ள தசை இழைகளைக் கூடுதலாகவும் ஒருசேரவும் எழுப்பக் கற்றுக்கொள்வதால் வருகிறது. தசை தடிப்பது அதற்குப் பிறகு, மெதுவாக. பார்க்கின்சன் நோயில் முதலில் கெடுவது அந்த ஒருங்கிணைப்புதான் என்பதை நினைத்தால், இந்தப் பயிற்சி ஏன் பொருத்தமாக அமைகிறது என்பது விளங்கும். இறந்த செல்களை இது மீட்டுத் தராது. மருந்தை நிறுத்திவிட்டு இதைச் செய்யலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் ஆய்வு, 2013இல் டேனியல் கார்கோஸ் குழுவினர் சிகாகோவில் நடத்தி வெளியிட்டது. 48 நோயாளிகளை இரு பிரிவாக்கி, இரண்டு ஆண்டுகள், வாரம் இரு முறை பயிற்சி தந்தார்கள். ஒரு பிரிவுக்கு நீட்டல், சமநிலை, லேசான வலுப்பயிற்சிகள் கலந்த பொதுவான திட்டம். மற்றதற்கு எடையைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போகும் திட்டம். மருந்தின் வேலை அடங்கியிருந்த நேரத்தில் நோயின் அசைவு அறிகுறிகளை மதிப்பெண்ணாக அளந்தார்கள். இந்த அளவீட்டில் எண் குறைந்தால் நல்லது. ஆறு மாத முடிவில் இரு பிரிவினருமே முன்னேறியிருந்தார்கள். அங்கேயே நிறுத்தியிருந்தால் எந்தப் பயிற்சியானாலும் ஒன்றுதான் என்று முடிவுகட்டியிருப்பார்கள். இரண்டு ஆண்டு முடிவில், எடையைக் கூட்டிக்கொண்டே போனவர்களின் மதிப்பெண் மற்றவர்களைவிட 7.3 புள்ளி அதிகமாகக் குறைந்திருந்தது. பொதுத் திட்டத்தில் இருந்தவர்கள் தொடக்கத்தில் பெற்றதை இழந்திருந்தார்கள்.

சிறிய ஆய்வுதான். இருந்தாலும் அதில் ஒரு பாடம் இருக்கிறது, வீட்டில் பயிற்சி செய்பவர்கள் பெரும்பாலும் தவறவிடுவதும் அதையே. அரைக் கிலோ எடையை ஆண்டுக்கணக்கில் அதே பத்து முறை தூக்கிக்கொண்டிருப்பது பழக்கம். பயிற்சி என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தசைக்குக் கொஞ்சம் சிரமம் தெரிய வேண்டும். அந்தச் சிரமம் பழகிப்போனதும் தடையைக் கொஞ்சம் கூட்ட வேண்டும்.

எவ்வளவு, எப்படி?

வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், இடையில் ஒரு நாளாவது ஓய்வு விட்டு, ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் என்பது பார்க்கின்சன் நோயாளிகளுக்குப் பரவலாகப் பரிந்துரைக்கப்படும் அளவு. ஓர் அசைவை 10 முதல் 15 முறை செய்வது ஒரு சுற்று. தொடக்கத்தில் ஒரு சுற்று போதும், பிறகு இரண்டு மூன்றாக்கலாம். எடை சரியா என்பதைக் கடைசி இரண்டு முறை சொல்லிவிடும். அவை கடினமாக இருக்க வேண்டும், ஆனால் உடல் கோணக்கூடாது. பதினைந்தையும் அலுங்காமல் முடிக்க முடிகிறதா? அடுத்த வாரம் கொஞ்சம் கூட்டுங்கள். எடைதான் கூட்ட வேண்டும் என்பதில்லை. நாற்காலியைத் தாழ்வாக்கலாம், கைப்பிடியை விட்டுவிடலாம், தடிமனான ரப்பர் பட்டைக்கு மாறலாம்.

எந்தத் தசைகள்? கை பருமனாவதைப் பற்றி இப்போதைக்குக் கவலைப்பட வேண்டாம். விழாமல் காப்பவை கீழே இருக்கின்றன. தொடையின் முன்தசை உட்கார்ந்து எழவும் படியேறவும் வேண்டும். பிட்டத்தின் பக்கவாட்டுத் தசை பலருடைய கவனத்துக்கே வராதது. நடை என்பது மாறி மாறி ஒற்றைக் காலில் நிற்பதுதான். அந்த ஒற்றைக் கால் கணத்தில் இடுப்பு ஒரு பக்கம் சரியாமல் பிடித்துக்கொள்வது இந்தத் தசை. நின்றுகொண்டு காலைப் பக்கவாட்டில் தூக்கினால் இது வேலை செய்யும். கெண்டைக்கால் தசை உடலை முன்னே உந்துகிறது. குதிகாலை உயர்த்தி இறக்கினால் அது வலுக்கும். முழங்காலுக்குக் கீழே முன்புறம் உள்ள தசை பாதத்தின் முன்பகுதியைத் தூக்கும். அது சோர்ந்தால் கால்விரல் தரையில் தட்டும், உடல் பின்னோக்கிச் சாயும்போது நிறுத்தவும் ஆள் இருக்காது. பார்க்கின்சன் நோயில் பின்பக்கமாக விழுவது சாதாரணம் என்பதால் இதைச் சிறியது என்று ஒதுக்கக் கூடாது. இவற்றோடு முதுகை நிமிர்த்தும் தசைகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ரப்பர் பட்டையை முன்னால் எங்காவது உறுதியாகக் கட்டி, தோள்பட்டைகள் நெருங்கும்படி இரு கைகளாலும் பின்னே இழுத்தால் கூனும் உடலுக்கு ஓர் எதிர்வாதம் கிடைக்கும்.

நாற்காலிப் பயிற்சியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். சுவரோடு ஒட்டிய, நகராத, கை வைத்த நாற்காலியாக இருக்கட்டும். இருக்கையின் முன்விளிம்புக்கு நகர்ந்து வாருங்கள். பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இழுத்து, இடுப்பகலத்துக்கு விரித்து வையுங்கள். மூக்கு கால்விரல்களுக்கு மேலே வரும் அளவுக்கு முன்னே சாயுங்கள். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான்: விழுந்துவிடுவோம் என்று பயந்து முதுகைப் பின்னே வைத்துக்கொண்டே எழப் பார்ப்பார்கள், பாரம் குதிகாலுக்குப் போய் நாற்காலி அவர்களைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். சாய்ந்ததும் "ஒன்று" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே வேகமாக எழுந்து, முழுதாக நிமிர்ந்து நில்லுங்கள். உட்காரும்போது மட்டும் மூன்று எண்ணி, மெதுவாக. எழுவது வேகமாக இருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் முன்பே பார்த்ததுதான்: நமக்கு வேண்டியது சட்டென்று திரளும் வலு. வேகத்தைக் கற்றுக்கொள்ள வேகமாகத்தான் செய்து பார்க்க வேண்டும். தொடக்கத்தில் கைப்பிடியை ஊன்றிக்கொள்வதில் வெட்கமில்லை.

உரக்க எண்ணுவதில் வேறு இரண்டு லாபமும் உண்டு. மூச்சை அடக்கிக்கொண்டு பாரம் தூக்கினால் ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறி இறங்கும், எண்ணிக்கொண்டே செய்பவரால் மூச்சை அடக்க முடியாது. இந்த நோயில் குரலும் தாழ்ந்துபோவதால், குரலுக்கும் ஒரு வேலை கொடுத்ததாகிறது.

வலு வந்தால் சமநிலை தானாக வருமா?

வராது. எந்திரத்தில் உட்கார்ந்து காலால் நூறு கிலோ தள்ளுகிறவரும் திரும்பும்போது தடுமாறலாம். சமநிலைக்குக் கண், உள்காது, பாதங்களிலும் மூட்டுகளிலும் உள்ள உணர்வு ஆகிய மூன்று இடங்களிலிருந்து செய்தி வருகிறது. மூளை அவற்றைக் கூட்டிப் பார்த்து, உடல் சரிவதை உணர்ந்து, சரியான அளவில் ஓர் அடியை எடுத்து வைக்க வேண்டும். பார்க்கின்சன் நோயில் அந்த அடி தாமதமாகவும் சிறியதாகவும் வருகிறது. தசை வலு அந்த அடிக்குத் தேவையான பொருள். அதை எப்போது, எவ்வளவு செலவிட வேண்டும் என்பதைத் தனியாகப் பழக வேண்டும்.

மார்க் ஹிர்ஷ் குழுவினர் 2003இல் வெளியிட்ட சிறிய ஆய்வு ஒன்றில் சமநிலைப் பயிற்சி மட்டும் பெற்றவர்களையும், அதோடு கடுமையான கால் வலுப்பயிற்சியும் சேர்த்துப் பெற்றவர்களையும் பத்து வாரம் ஒப்பிட்டார்கள். இரு பிரிவிலும் சமநிலை மேம்பட்டது, இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு அதிகமாக. இன்னொரு பக்கம், 2012இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 195 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் தாய்ச்சி, எதிர்விசைப் பயிற்சி, நீட்டல் பயிற்சி மூன்றையும் 24 வாரம் ஒப்பிட்டபோது, நிலை தவறாமல் உடலை எவ்வளவு தூரம் சாய்க்க முடிகிறது என்ற அளவீட்டில் தாய்ச்சிதான் முந்தியது. தாய்ச்சி என்பது உடல் பாரத்தை மெதுவாக, கட்டுப்பாட்டோடு ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றும் சீனப் பயிற்சி. சமநிலை வேண்டுமென்றால் நிலை குலையும் விளிம்புக்குப் போய்த் திரும்ப வேண்டும் என்பதே இதில் நான் காண்பது.

அந்த விளிம்பைப் பாதுகாப்பாக அமைத்துக்கொள்ள அறையின் மூலை போதும். மூலைக்கு முதுகைக் காட்டி நின்று, முன்னால் கனமான ஒரு நாற்காலியின் முதுகுப்பகுதி இருக்கும்படி வைத்துக்கொண்டால் எந்தப் பக்கம் சரிந்தாலும் பிடிமானம் உண்டு. முதலில் பாதங்களைச் சேர்த்து நிற்பது. பிறகு ஒரு பாதத்தின் குதிகாலுக்குப் பின்னே மற்றதை வைத்து நிற்பது. பிறகு ஒற்றைக் காலில் சில வினாடிகள். இது கைவந்தபின் முன்னே, பக்கவாட்டில், பின்னே என்று வேண்டுமென்றே பெரிய அடிகளாக எடுத்து வைத்துத் திரும்புவது. 'பெரிய' என்பதை அழுத்திச் சொல்கிறேன். இவர்களுக்கு இயல்பாகத் தோன்றும் அடி உண்மையில் சிறியது. அளவுக்கு மீறியதாகத் தோன்றும் அடிதான் சரியான அளவு. திரும்பும்போது நின்ற இடத்தில் சுழலாமல் அரைவட்டமாக நடந்து திரும்பப் பழக வேண்டும். பேசிக்கொண்டே செய்வதும் கையில் பொருளை வைத்துக்கொண்டு செய்வதும் கடைசிப் படிகள், அவசரமில்லை.

நோய் முற்றியவர்களுக்கு எல்லாம் வேறு கணக்கு. சிட்னியில் 231 பேரிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வில் ஆறு மாதம் சமநிலை, கால் வலுப் பயிற்சிகளைப் பெரும்பாலும் வீட்டிலேயே செய்தார்கள். நோய் லேசாக இருந்தவர்கள் விழுவது வெகுவாகக் குறைந்தது. கடுமையாக இருந்தவர்களுக்கு அந்தப் பலன் தெரியவில்லை. ஆகவே சீக்கிரம் தொடங்குவது நல்லது. ஏற்கெனவே அடிக்கடி விழுகிறவர்கள் தனியாகச் செய்யாமல் ஒருவர் அருகில் இருக்க, உட்கார்ந்தபடியோ கைப்பிடியோடோ செய்ய வேண்டும். அருகில் நிற்பவர் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. சற்றுப் பின்னே, பக்கவாட்டில் நின்று, இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொள்வது இருவருக்கும் பாதுகாப்பு. கால் தரையோடு ஒட்டிக்கொண்டாற்போல் நின்றுவிட்டாலும் இழுக்க வேண்டாம். நின்று, மூச்சு விட்டு, பாரத்தை இடதும் வலதுமாக ஆட்டிவிட்டு, பெரிய அடியாக எடுத்து வைக்கச் சொன்னால் பெரும்பாலும் கால் நகரும்.

தொடங்குவதற்கு முன் நரம்பியல் மருத்துவரிடமும், முடிந்தால் இந்த நோயில் பழக்கமுள்ள இயன்முறை மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். இதய நோய், எலும்புத் தேய்மானம், மூளையில் மின்முனை பொருத்திய அறுவைச் சிகிச்சை போன்றவை இருந்தால் கட்டாயம் கேட்க வேண்டும். மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தில் பயிற்சியை வைத்துக்கொள்ளுங்கள். அது எந்த நேரம் என்பது நோயாளிக்கே நன்றாகத் தெரியும். இந்த நோயிலும் அதன் மருந்துகளாலும் எழுந்து நின்றதும் ரத்த அழுத்தம் சரிவதுண்டு. தலை கிறுகிறுத்தால் உடனே உட்காருங்கள், அடிக்கடி நேர்ந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். சிரமப்பட்டுச் செய்யும்போது நடுக்கம் சற்றுக் கூடித் தெரியலாம், ஓய்வெடுத்தால் தணிந்துவிடும், பயப்பட வேண்டாம். மறுநாள் தசையில் வரும் மந்தமான வலி இரண்டு மூன்று நாளில் போகும். மூட்டில் குத்தும் வலியும் நெஞ்சில் இறுக்கமும் அப்படியல்ல, அவை வந்தால் நிறுத்திவிட வேண்டும்.

காய்ச்சல், பயணம், மருத்துவமனை என்று ஏதாவது ஒன்று வந்து பயிற்சி சில வாரம் நின்றுபோவது எல்லோருக்கும் நடக்கும். திரும்ப வரும்போது விட்ட எடையிலிருந்து தொடங்கினால் உடல் ஒத்துழைக்காது. பாதி எடையில், ஒரே சுற்றில் தொடங்கி, இரண்டு மூன்று வாரத்தில் பழைய அளவுக்கு ஏறலாம். முதன்முறை அந்த அளவை எட்டியதைவிட இது விரைவாகவே நடக்கும்.